இன்சுலின் சுரக்கும் புதிய செல்கள்: உப்பளத் தொழிலாளிக்கு எட்டுமா?

முதல் வகை நீரிழிவில், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. ஆயுள் முழுவதும் ஊசியே வழி. இந்நிலை மாறக்கூடும் என்பதை, அமெரிக்காவின் வெர்டெக்ஸ் நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. ஸ்டெம் செல்களிலிருந்து வளர்த்த இன்சுலின் செல்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு, ஓராண்டுக்குப் பின் ஊசி தேவைப்படவில்லை.

இதன் அடிப்படையை முத்துக்குளித்துறை மக்கள் எளிதில் உணர்வர். 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் முத்து வளர்ப்பில் வெற்றி கண்டது. ஒரு சிப்பியின் சதைப்படலத் துண்டை, சிறு மணியுடன் மற்றொரு சிப்பிக்குள் வைப்பர். அத்துண்டு அங்கே வளர்ந்து, மணியைச் சுற்றி முத்துப்பொருளைச் சுரக்கும். அவ்வாறே ஆய்வகச் செல்கள் கல்லீரலுக்குச் செல்லும் இரத்தக்குழாய் வழியே செலுத்தப்பட்டு, அங்குத் தங்கி இன்சுலினைச் சுரக்கின்றன.

ஆனால் மனித உடல் அயல் செல்களைத் தாக்கும். ஆகவே எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். அதனால் தொற்று அபாயம் பெருகும். இவ்வாய்வில் பங்கேற்றோரில் ஒருவர் மூளையுறையைத் தாக்கிய பூஞ்சைத் தொற்றால் இறந்தார்.

இங்கேதான் சமூகநீதிக் கேள்வி எழுகிறது. உப்பளங்களில் உழைக்கும் தலித் பெண்களுக்கு மழைக்காலத்தில் வேலை இல்லை. அரசு தரும் நிவாரணம் 5,000 ரூபாய். அந்த வீட்டுக் குழந்தைக்கு இந்நோய் வந்தால், இன்சுலினைக் குளிர்ச்சியில் வைப்பதே பெரும்பாடு. தூய நீரும் தொடர் பரிசோதனையும் எட்டாத குடியிருப்புக்கு, எதிர்ப்பாற்றலை அடக்கும் சிகிச்சை எவ்வாறு பாதுகாப்பாகும்?

ஏக்கத்தை வணிகமாக்குவோரும் உள்ளனர். நீரிழிவுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை இந்தியாவில் அங்கீகரிக்கப்படவில்லை. அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வில் மட்டுமே அதை அளிக்கலாம் என 2017ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டுதல் கூறுகிறது. ஆய்வில் பங்கேற்போரிடம் கட்டணம் கேட்பது முறைகேடு.

இன்சுலினைக் கண்டறிந்தோர் அதன் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குத் தலா ஒரு டாலருக்கு அளித்தனர். நூறாண்டுகள் கடந்தும் அம்மருந்து ஏழைகள் அனைவரையும் அடையவில்லை. கண்டுபிடிப்பு தானாக நீதியாகாது என்பதற்கு இதுவே சான்று. எனவே நாம் இரண்டைக் கோருகிறோம்: ஆரம்ப சுகாதார நிலையம்தோறும் இன்சுலினும் பரிசோதனைப் பட்டைகளும் இன்றே தடையின்றிக் கிடைக்க வேண்டும், நாளைய செல் சிகிச்சைக்கான ஆய்வு அரசு மருத்துவக் கல்லூரிகளில், பொது நிதியில் வளர வேண்டும்.