நஞ்சன்கூடு செல்பவர்களுக்குச் சில்லறை

மைசூரிலிருந்து சுமார் 23 கி.மீ. தூரத்தில், கபிலை நதிக்கரையில் கோயில் கொண்டிருக்கும் நஞ்சுண்டேஸ்வரரைத் தரிசிக்க நம்மில் பலரும் அடிக்கடி சென்று வருகிறோம். கிளம்புமுன், நான் 500 ரூபாய் நோட்டை 10, 20, 50 ரூபாய்களாக மாற்றிக்கொள்வது வழக்கம். காலையில் கடை விரிக்கும் பூக்காரம்மாள் அதற்குச் சில்லறைக்கு எங்கே போவாள்?

இப்போது கைப்பேசியிலேயே பணம் கொடுக்கலாம். ஆனால் பங்குனியில் ஐந்து தேர்களும் ஓடும் நாளில், அந்தக் கூட்டத்தில் கைப்பேசியை மட்டும் நம்ப முடியாது. தவிர, என் தாயார் கைப்பேசி வைத்துக்கொள்வதில்லை. காணிக்கையைத் தம் கையாலேயே போட்டால்தான் அவருக்குத் திருப்தி. பெரியவர்கள் ஒவ்வொரு காசுக்கும் நம் முகம் பார்த்து நிற்கலாகாது.

10 ரூபாய் நாணயத்தைச் சிலர் வாங்கத் தயங்குவார்கள். அதன் 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியிருக்கிறது. "நடெயுத்தே" என்று கன்னடத்தில் சிரித்தபடி சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.

இன்னொன்று: வேண்டுதலுக்காக மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசை அவிழ்த்துப் பாருங்கள். 25 காசும் அதற்குக் குறைந்தவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. இறைவனுக்கும் செல்லும் காசையே செலுத்துவோம்.