நீரில் மறைந்த ஊரும் பழைய நிலப்படமும்

மேட்டூர் அணையின் நீர்மட்டம் 70 அடியை ஒட்டி இறங்கும் கோடையில், பண்ணவாடி ஜலகண்டேசுவரர் ஆலயத்து நந்தி தலைகாட்டுவதைக் கொளத்தூர்ப் பக்கத்தார் அனைவரும் அறிவர். 1925இல் தொடங்கிய அணை 1934இல் கட்டி முடிந்தபோது, பண்ணவாடி, காவேரிபுரம் முதலிய ஆற்றங்கரை ஊர்கள் மேட்டுக்குப் பெயர்ந்தன. மைசூருக்கு ஏறும் கணவாயின் அடிவாரத்தில் கோட்டையுடன் விளங்கிய பழைய காவேரிபுரத்தை அணைக்கு முற்பட்ட நிலப்படத்தில்தான் இன்று காணவேண்டும்.

சர்வே இலாகாவினர் அந்நாளில் ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கி வரைந்தனர். ஆறும் ஏரியும் நீலம். மேடுபள்ளம் காட்டும் கோடுகள் பழுப்பு. உழவர்க்குப் பெரிதும் பயன்படுவது இந்தப் பழுப்புக் கோடே. ஒரே உயரமுள்ள இடங்களை அது இணைத்துச் செல்லும். கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை அடி என்பது அதன்மேல் எழுதப்பட்டிருக்கும்.

அணையின் முழு நீர்மட்டமாகிய 120 அடி, கடல்மட்டத்துக்கு மேல் 790 அடியாகும். எனவே படத்தின் எண்ணில் 670ஐக் கழித்தால் அணையின் கணக்கு வந்துவிடும். 750 என்ற கோடு 80 அடி. 700 என்ற கோடு 30 அடி. கோடுகள் நெருங்கியிருப்பின் அங்கே செங்குத்தான சரிவு, விலகியிருப்பின் சமதரை. சமதரையில் நீர் ஓரடி ஏறினும் வெகுதூரம் பரவிவிடும்.

நீர் வற்றிய தரையில் எள்ளும் சோளமும் விதைப்போர்க்கு இது வெறும் கணக்கன்று. 2024 ஜூலை நடுவில் 50 அடிக்கும் கீழே இருந்த நீர்மட்டம், அம்மாதம் 30ஆம் தேதியே 120 அடியை எட்டிற்று. 'ஈரம் பார்த்து விதைக்கிறோம்' என்பர். ஈரம் எங்கும் ஒன்றுதான், உயரமன்றோ வேறுபடுகிறது! பழைய ஆற்றுப் பள்ளம் எவ்வழி சென்றதென்பதையும் படம் காட்டும். மாடு மேய்க்கும் சிறுவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி அது.

பாட்டனார் ஊர் படத்தில் இருப்பதால் அந்நிலம் தமக்கு உரியதாகுமா என்று கேட்போரும் உண்டு. ஆகாது. படம் இடத்தைச் சொல்லும், உரிமையைச் சொல்லாது.

அணை எழுந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டமையால் வண்டல் படிந்து சில இடங்கள் மேடேறியிருக்கும். இதைச் சரிபார்ப்பது எளிது. நீர்மட்டம் சரியாக 80 அடியில் நிற்கும் நாளில், நீரின் விளிம்பே இன்றைய 750 அடிக் கோடு. அன்று ஊராட்சியார் விளிம்பை ஒட்டி ஆங்காங்கே கல் நட்டு, பழைய படத்துடன் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளலாம்.