ஆண் பக்கம் – 9: முதல் பிள்ளைக்குப் பிறகு

கல்யாணமாகி ஒரு வருஷம் கழிந்தால் போதும், “விசேஷம் ஒண்ணும் இல்லியா?” என்று ஊர் கேட்கத் தொடங்கிவிடும். கேள்வி மருமகளிடம்தான் போகும். ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் நாகர்கோவில் நாகராஜா கோயிலில் பாலோடு வரிசையில் நிற்பவள் அவள். ஸ்கேன், டியூப் டெஸ்ட் என்று ஏறி இறங்குகிறவளும் அவளே. மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்தில் மாப்பிள்ளை கல்ஃபில் இருந்துவிட்டால், அவர் வரும் லீவு விருந்திலும் சொந்தக்காரர் வீடுகளிலும் தீர்ந்துபோகும். ஒரு விந்துப் பரிசோதனைக்கு மட்டும் நாள் கிடைக்காது.

முதல் பிள்ளை பிறந்து, இரண்டாவது தங்காமல் வருஷங்கள் ஓடும்போது நிலைமை இன்னும் மோசம். “எனக்கு ஒண்ணு பொறந்துட்டுல்லா, பொறவு எனக்கென்ன கொறை?” என்பார் கணவர். இந்த நம்பிக்கையை உடைக்கத்தான் இந்த வாரம் வெரிகோசில் பற்றி எழுதுகிறேன்.

விரையிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரைகள் வீங்கிச் சுருண்டு கிடப்பதுதான் வெரிகோசில். நூறு ஆண்களில் சுமார் 15 பேருக்கு இது உண்டு. பெரும்பாலும் இடது பக்கம்தான். அந்தப் பக்கத்துச் சிரை நீளமானது. மேலே போய்ச் சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகச் சேர்கிறது. உள்ளே இருக்கும் வால்வு சரியாக மூடாவிட்டால் ரத்தம் கீழே இறங்கித் தேங்கிவிடும். விந்தணு உருவாக விரையின் சூடு உடல் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்க வேண்டும். தேங்கிய ரத்தம் அந்தச் சூட்டை ஏற்றிவிடுகிறது.

பதின்ம வயதிலேயே தொடங்கினாலும் பலருக்கு வலியே இருக்காது. அதனால் யாரும் காட்டுவதில்லை. இருபத்தைந்து வயதில் தாக்குப்பிடித்த விரை முப்பத்தைந்தில் தளரலாம். உலக சுகாதார நிறுவனம் 9,034 ஆண்களை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்ட முடிவில், விந்து குறைபாடு உள்ளவர்களில் 25.4 சதவீதம் பேருக்கும், இயல்பாக உள்ளவர்களில் 11.7 சதவீதம் பேருக்கும் வெரிகோசில் இருந்தது. வெரிகோசில் உள்ளவர்களில் முப்பது வயதைக் கடந்தோருக்கு, இளையவர்களைவிட டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்தது. அது இல்லாத ஆண்களிடம் இந்தச் சரிவு தெரியவில்லை. எல்லாருக்கும் இப்படிச் சரியும் என்று சொல்ல முடியாது. வெரிகோசிலோடு பிள்ளை பெற்றவர்களே அதிகம். ஆனால் முதல் பிள்ளை பிறந்தது, அன்றைய விந்துக்குத்தான் சாட்சி.

கண்டுபிடிப்பது சுலபம். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ வேறு எதுவோ, அறுவை சிகிச்சைப் பிரிவில் டாக்டர் நிற்க வைத்துத்தான் பார்ப்பார். படுத்தால் வீக்கம் வடிந்துவிடும். மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லித் தொடுவார். பைக்குள் புழுக்கள் நெளிவதுபோல் விரலுக்குத் தட்டுப்படும். கூச்சத்தை விட்டு நிற்க வேண்டியது சில நிமிஷங்கள்தான். வலது பக்கம் மட்டும் திடீரென்று வந்தாலோ, படுத்தும் வீக்கம் வடியாவிட்டாலோ வயிற்றையும் ஸ்கேன் செய்து பார்த்தாக வேண்டும்.

1955-இல் எடின்பரோ மருத்துவர் டல்லக், இந்தச் சிரைகளைக் கட்டிய பிறகு விந்து தேறியதைப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அதற்குப் பிறகுதான் குழந்தையின்மைக்காக இந்த ஆபரேஷன் பரவியது. இன்று மைக்ரோஸ்கோப் வைத்து, தொடை இடுக்கில் சிறு கீறலிட்டுச் செய்கிறார்கள். கையில் தட்டுப்படாமல் ஸ்கேனில் மட்டும் தெரியும் வெரிகோசிலுக்கு ஆபரேஷன் தேவையில்லை. விந்துப் பரிசோதனை முடிவு சரியாக இருப்பவருக்கும் குழந்தைக்காக அது வேண்டாம். மனைவிக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தால், காத்திருப்பதா, ஐவிஎஃப் பக்கம் போவதா என்று இருவரும் சேர்ந்தே டாக்டரிடம் பேச வேண்டும்.

காரணம், பலன் உடனே தெரியாது. ஒரு விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் ஆகும். ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான் முதல் பரிசோதனை. முழுப் பலன் தெரிய ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். கல்ஃபிலிருந்து வருகிறவர் லீவின் முதல் வாரத்திலேயே பரிசோதனையை முடித்துவிட்டால், ஆபரேஷன் தேவைப்பட்டாலும் அந்த லீவிலேயே செய்துகொண்டு திரும்பலாம். அங்கே வேலை பார்க்கும் மாதங்களில் விரை தேறிக்கொண்டிருக்கும். அடுத்த விந்துப் பரிசோதனையை அங்குள்ள லேபிலேயே செய்து பார்த்துவிடலாம்.