ஸ்டார் நோட்டு: அடையாளம் காண்பது எப்படி?

ரூபாய் நோட்டு அச்சாகும்போது மை பரவியோ வெட்டு விலகியோ சில நோட்டுகள் கெட்டுப்போவது உண்டு. அவற்றை அச்சகம் கழித்துவிடும். ஆனாலும் ஒரு கட்டில் நூறு நோட்டுகள் இருந்தாக வேண்டும். கழித்ததற்கு ஈடாக வைக்கப்படுவதே மாற்று நோட்டு. நட்சத்திரக் குறி தாங்கி வருவதால் இந்தியச் சேகரிப்பாளர்கள் இதை ‘ஸ்டார் நோட்டு’ என்கிறார்கள்.

கெட்டுப்போன ஒற்றை எண்ணை மறுபடி அச்சிட்டு வரிசையில் செருகுவது நேரமும் செலவும் பிடிக்கும் வேலை. தனி வரிசையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வைப்பது எளிது. ரிசர்வ் வங்கி 2006இல் 10, 20, 50 ரூபாய் நோட்டுகளில் இம்முறையைத் தொடங்கியது. 2016 டிசம்பரில் புதிய 500 ரூபாய் நோட்டிலும் நட்சத்திரம் வந்தது. ஸ்டார் நோட்டு கலந்த கட்டுகளின் பட்டையிலேயே அந்த விவரம் குறிக்கப்படும்.

அடையாளம் முழுவதும் வரிசை எண்ணில்தான் இருக்கிறது. முதலில் எண்ணும் எழுத்தும் கலந்த மூன்று குறிகள், பிறகு ஆறு இலக்கங்கள். இவ்விரண்டுக்கும் நடுவே நட்சத்திரம் இருந்தால் அது மாற்று நோட்டு. இப்போதைய மகாத்மா காந்தி புதிய வரிசையில் எண் இடப்பக்க மேல்மூலையிலும் வலப்பக்கக் கீழ்மூலையிலும் அச்சாகிறது. இரண்டிலும் நட்சத்திரம் இருக்க வேண்டும். அதன் மையும் நேர்த்தியும் பக்கத்து இலக்கங்களோடு ஒத்துப்போகின்றனவா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்ப்பது நல்லது. பிற்பாடு யாரோ வரைந்த நட்சத்திரம் அங்கே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து, பின்புறத்தில் உள்ள அச்சு ஆண்டு, முன்புறத்தில் உள்ள ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்து, எண்ணுக்குப் பின்னணியில் ஆங்கில எழுத்து ஏதும் இருந்தால் அது, இவை மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே மதிப்புள்ள ஸ்டார் நோட்டுகளும் இவற்றைக் கொண்டே தனித்தனி வகைகளாகின்றன. 2006இன் முதல் ஸ்டார் நோட்டுகளில் இருப்பது அப்போதைய ஆளுநர் ஒய்.வி. ரெட்டியின் கையெழுத்து.

நாட்டுக்கு நாடு குறி மாறும். அமெரிக்க டாலரில் எண்ணின் கடைசி எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரம் நிற்கும். இலங்கை நோட்டுகளில் எண்ணுக்கு முன்வரும் ‘இசட்’ எழுத்தே அடையாளம்.

விலையைத் தீர்மானிப்பவை நோட்டின் அரிதான தன்மையும் நிலையும். மடிப்பும் கறையும் இல்லாத புது நோட்டுக்கே மதிப்பு அதிகம். கசங்கிய நோட்டைக் கழுவுவதும் இஸ்திரி போடுவதும் அதை மேலும் கெடுக்கும்.

ஸ்டார் நோட்டு கள்ளநோட்டு என்று வதந்தி பரவியபோது, அது முழுமையாகச் செல்லுபடியாகும் என 2023 ஜூலையில் ரிசர்வ் வங்கி விளக்கியது. நட்சத்திரம் இருந்தாலே லட்சங்கள் கிடைக்கும் என்ற விளம்பரங்களை நம்பி யாரும் முன்பணம் கட்ட வேண்டாம்.