தோள் தசை இடமாற்ற அறுவை சிகிச்சை

தோள் தசை இடமாற்ற அறுவை சிகிச்சை என்பது, பிறப்பின்போது ஏற்பட்ட நரம்புக் காயத்தால் கையை உயர்த்தவோ வெளிப்புறமாகத் திருப்பவோ இயலாத குழந்தைகளுக்குச் செய்யப்படும் சிகிச்சை ஆகும். இதில் பிறருடைய தசை பொருத்தப்படுவதில்லை. குழந்தையின் சொந்தத் தசையே இணைப்பிடம் மாற்றப்பட்டு வேறு பணிக்குப் பயன்படுகிறது.

காரணம்

கழுத்திலிருந்து கைக்கு வரும் சி5, சி6, சி7, சி8, டி1 ஆகிய நரம்பு வேர்கள் இணைந்து புய நரம்புப் பின்னல் உருவாகிறது. பிரசவத்தில் தலை வெளிவந்தபின் தோள் சிக்கிக்கொண்டால் இந்நரம்புகள் இழுபட்டுக் காயமடையலாம். சி5, சி6 வேர்களின் பாதிப்பு 'எர்ப் வாதம்' எனப்படுகிறது. இதனை பிரான்சின் டுஷென் 1872இலும், ஜெர்மனியின் எர்ப் 1874இலும் விவரித்தனர். பல குழந்தைகள் அறுவை சிகிச்சையின்றியே தேறிவிடுகின்றனர்.

தசைச் சமநிலையின்மை

எஞ்சியவர்களுக்குத் தோளை வெளிப்புறம் திருப்பும் தசைகள் வலுவிழந்திருக்கும். உட்புறம் திருப்பும் தசைகள் வலுவாக இருக்கும். கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கம் ஆள் குறைந்தது போன்ற நிலை இது. உணவை வாய்க்குக் கொண்டுசெல்லும்போது, எக்காளம் ஊதுபவரைப் போல முழங்கை மேலெழும். இவ்விழுப்பு நீடித்தால், வளரும் தோள்மூட்டின் குழி உருமாறி, மேற்கை எலும்பின் தலை பின்னோக்கி விலகும். எனவே காலம் தாழ்த்தாமை முக்கியம்.

செய்முறை

முதுகிலுள்ள லாட்டிசிமஸ் டார்சை, டெரஸ் மேஜர் ஆகிய தசைகள் கையை உட்புறம் திருப்புபவை. இவற்றின் தசைநாண்களை மேற்கை எலும்பின் முன்பக்கத்திலிருந்து பிரித்துப் பின்பக்கமாக இணைத்தால், அதே தசைகள் கையை வெளிப்புறம் திருப்பும். இம்முறையை லெப்பிஸ்கோப்போ வெளியிட்டார். 1978இல் ஹாஃபர் குழுவினர், தசைநாண்களைத் தோள்மூட்டைச் சூழ்ந்த சுழல் தசைநாண்களுடன் இணைக்கும் முறையை வெளியிட்டனர். இறுகிய முன்பக்கத் தசைகளும் தேவைக்கேற்பத் தளர்த்தப்படும்.

பின்னர் கையை உயர்த்தி வெளிப்புறம் திருப்பிய நிலையில் சில வாரங்கள் மாவுக்கட்டு போடப்படும். தொடர்ந்து இயன்முறைப் பயிற்சி தேவை. இடம் மாறிய தசை புதிய வேலையைப் பழக வேண்டும்.

பயனும் வரம்பும்

தலைவாருதல், உண்ணுதல் போன்ற செயல்கள் எளிதாகலாம். ஆனால் நரம்புக் காயம் இதனால் குணமாவதில்லை; கை முழு வலிமை பெறுவதும் இல்லை. முதுகுப்புறம் கையைக் கொண்டுசெல்வது முன்பைவிடக் கடினமாகலாம். மூட்டு மிகவும் உருமாறியிருந்தால் தசை இடமாற்றம் மட்டும் போதாது. மேற்கை எலும்பை வெட்டித் திருப்பிப் பொருத்த நேரலாம். ஆகவே பிறந்த சில வாரங்களிலேயே பயிற்சியைத் தொடங்கி, தோள் இறுகாமல் காப்பதும், மருத்துவரிடம் தொடர்ந்து காட்டிவருவதும் அவசியமாகும்.