குளிர்ந்த நீர் பம்புக்குள் கொதிப்பது ஏன்?

20 டிகிரி செல்சியஸ் நீர்கூட, அழுத்தம் சுமார் 2.3 கிலோபாஸ்கலுக்கு இறங்கினால் கொதிக்கும். வளிமண்டல அழுத்தமோ 101. பம்பின் சுழல்சக்கரமான இம்பெல்லரின் இதழ்களில் நீர் வேகமெடுக்கும்போது அழுத்தம் அவ்வளவு தாழ முடியும். அங்கே பிறக்கும் நீராவிக் குமிழிகள் அழுத்தம் மிகுந்த இடத்துக்குப் போனதும் நொறுங்குகின்றன. அந்த அடியில் எஃகும் குழிவிழும். உறிஞ்சுகுழாயில் பிரஷர் கேஜ் போதுமான அழுத்தத்தைக் காட்டுகிறதே என்று கேட்கலாம். கேஜ் காட்டுவது சராசரி. 1883இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயம் விட்டுக் காட்டியதுபோல, வேகம் கூடினால் சீரான ஓட்டம் சுழல்களாகக் கலைகிறது. சுழலின் நடுவே அழுத்தம் சராசரிக்கும் கீழே. குமிழி முளைக்க அதுவே வசதியான இடம். சுழல் கணநேரம்தானே என்றால், குமிழிக்கும் கணநேரமே போதும். ஆகவே ஓட்டத்தின் இந்தக் கணநேர ஏற்றஇறக்கத்தை விரைவு உணரிகளாலும் லேசராலும் அளப்பது ஆடம்பரமல்ல. சுழல் குறைய, பம்பின் உறிஞ்சுவாயை ஒட்டி எல்போ (வளைவுக்குழாய்) வைக்காதீர்கள்; முன்னால் கொஞ்சம் நேர்குழாய் விடுங்கள்.