விலை சொல்லும் ஆரூடம்

திருவண்ணாமலைத் தேரடி வீதியில், தேர்தல் காலத்து மாலைப் பொழுதில் டீக்கடைப் பெஞ்சில் அமர்ந்திருந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. 'இந்தத் தடவை சீட்டு யாருக்கு?' என்று ஒருவர் தொடங்க, மற்றொருவர் தம் அநுமானத்தை வேதவாக்குப்போல் உரைக்க, மூன்றாமவர் பொறுமையிழந்து, 'ஆயிரம் ரூபா பந்தயம், கட்டுறீங்களா?' என்று கேட்ட மாத்திரத்தில், அதுவரை அடித்துப் பேசியவர், 'அப்படி நிச்சயமா சொல்ல முடியாதுங்க' என்று இறங்கி வருவார். கைப்பணம் போய்விடுமோ என்ற பயம் நாவுக்கு அளிக்கும் இந்த நிதானத்தை ஆதாரமாகக் கொண்டு அமைந்த யந்திரமே ஊகச் சந்தை.

யந்திரம் என்றேனேயொழிய அதில் சக்கரமோ பல்லோ கிடையாது. ஒரு கட்சி தன் வேட்பாளரை ஓட்டெடுத்துத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி ஒன்று நடக்கப் போகிறது. இன்னார் வென்றால் நூறு ரூபாய், தோற்றால் காலணாவும் இல்லை என்ற நிபந்தனையோடு ஒரு பத்திரம் விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் வெல்ல நூற்றுக்கு எழுபது பங்கு இடமுண்டு என்று நம்புகிறவர் அதை அறுபது ரூபாய்க்குக் கண்டால் விடமாட்டார். ஐம்பதுதான் என்று நினைப்பவரோ தம் கையிலிருப்பதை மகிழ்ச்சியோடு அவருக்கே விற்பார். இவ்வாறு பலரும் தத்தம் அறிவையும் ஆசையையும் எதிரெதிர்த் தட்டில் வைக்க, துலாக்கோலின் முள் 63 ரூபாயில் நின்றால், வெற்றிக்கு 63 சதவீத சாத்தியம் என்பது சந்தையின் தீர்ப்பு. தோல்விக்கும் 37 பங்கு உண்டென்று அதே எண் சொல்வதைத்தான் ஜனங்கள் காதில் வாங்குவதில்லை.

விஷயம் பழையது. போப்பாண்டவர் தேர்வின்மீது பந்தயம் கட்டுவதை 1591-இலேயே பதினான்காம் கிரிகோரி தடை செய்தார். நவீன அவதாரத்துக்குக் காரணமானது ஓர் உட்கட்சித் தேர்வு: 1988-இல் மிச்சிகன் மாநிலத்து ஜனநாயகக் கட்சியினரிடையே, கருத்துக் கணிப்புகள் எதிர்பாராதவாறு ஜெஸ்ஸி ஜாக்சன் வெல்லவே, அயோவா பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் மூவர், கணிப்பு தவறிய இடத்தில் சந்தை தவறாதிருக்குமா என்று பரீட்சிக்க விரும்பி, அவ்வாண்டு ஜனாதிபதித் தேர்தலுக்கே ஒரு சிறு சந்தையை நிறுவினார்கள்.

ஆயினும் சந்தையும் தவறும். 2025 ஜூன் மாதம் நியூயார்க் மேயர் பதவிக்கு நடந்த ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் வெகு காலம் ஆண்ட்ரூ கோமோவின் விலையே உச்சத்தில் இருந்தது; வென்றவர் சோஹ்ரான் மம்தானி. அத்தனை பெரிய நகரத்திலேயே இப்படியானால், வாங்குவோரும் விற்போரும் ஒரு கைவிரல்களில் அடங்கிவிடும் சிற்றூர்த் தேர்தலில், பணக்காரர் ஒருவர் தம் நண்பரின் பத்திரத்தை வாரி வாங்கி விலையை ஏற்றிவிட்டு, 'பாருங்கள், ஊரே நம் பக்கம்' என்று கூறுவதைத் தடுப்பார் யார்?

நம் நாட்டில் ராஜஸ்தானத்துப் பலோதி இவ்வகைப் பந்தயத்துக்குப் பேர்போனது. அங்கே மழைக்கும் பந்தயம் உண்டு. அங்கத்திய கணக்கு தலைகீழானது: 'பாவ்' எனும் விலை இருபது பைசா என்றால், ரூபாய்க்கு இருபது பைசாதான் லாபம், அதாவது வெற்றி ஏறக்குறைய 83 சதவீதம், விலை குறையக் குறைய நிச்சயம் கூடும்.

திருவண்ணாமலையில் வேட்பாளர் தேர்வுக்கு இத்தகைய சந்தையை நிறுவினால் என்ன ஆகும்? 1957-இல் தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் நின்றபோது லோக்சபைக்குச் சென்ற இருவரில் ஒருவரான ஆர். தர்மலிங்கம் இவ்வூர்த் தொகுதியில் வென்றவர். அன்று இவ்விதச் சந்தை இருந்திருந்தால் அவருக்கு என்ன விலை சொல்லியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதில் எனக்கொரு ருசி. ஆனால் அது ஜனங்கள் ஓட்டளித்த தேர்தல். வேட்பாளர் தேர்வோ வேறு. விருப்ப மனு, நேர்காணல் எல்லாம் முடிந்து பட்டியல் சென்னையிலிருந்து வருகிறது. ஆயிரம் பேர் மனத்தை நிறுக்கும் தராசு, ஓர் அறைக்குள் இருக்கும் இரண்டொருவர் மனத்தை நிறுக்க உதவாது. அங்கே லாபம் அடைபவர் அறிவாளி அல்லர், கதவருகே நின்றவரே.

எனவே ஏதேனும் ஓர் ஊர்த் தேர்தலுக்கு இத்தனை சதவீதம் என்ற எண்ணைக் கண்டால், மொத்தம் எவ்வளவு தொகை கைமாறியது என்றும் பாருங்கள். பார்ப்பதோடு நின்றுவிடுங்கள்: பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுக்களை 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டம் தடை செய்துவிட்டது.